வெடி வைக்க வழியில்லாத இடத்தில் பாறை

பல்லாவரம், குரோம்பேட்டை, பரங்கிமலைப் பக்கம் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு கவலை உண்டு. மண் எத்தனை அடி வரும், பாறை எப்போது தட்டும்? அங்கே தட்டுவது சார்னோகைட் என்னும் கடும்பாறை. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வட்டாரத்திலிருந்து போனதுதான். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் பாறை வகைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார். பல்லாவரத்துப் பழைய குவாரிகள் இன்று தண்ணீர் நிற்கும் பெரும் பள்ளங்களாகக் கிடக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் தாராளமாக வெடி வைத்துக் கல் எடுத்தார்கள். இப்போது அதே பாறைக்கு மேல் வீடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நெருக்கியடித்து நிற்கின்றன. இரண்டு தளம் கார் நிறுத்தத்துக்குப் பள்ளம் வேண்டும் என்றால் பாறையை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் வெடி வைக்க வழியில்லை.

ஏன் வழியில்லை? முதல் காரணம் அதிர்வு. வெடியின் ஆற்றலில் ஒரு சிறு பங்குதான் பாறையை உடைக்கிறது. மீதி நில அதிர்வாகவும் காற்றழுத்தமாகவும் பறக்கும் கல்லாகவும் வீணாகிறது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997இல் வெளியிட்ட சுற்றறிக்கைதான் நம் நாட்டில் இதற்கு அடிப்படை அளவுகோல். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால், நிலத்துகள் அசையும் வேகம் வினாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பழமையான நினைவுச் சின்னங்களுக்கு வெறும் 2 மில்லிமீட்டர். அதிர்வெண் கூடக் கூட இந்த வரம்பும் கொஞ்சம் தளரும், ஏனென்றால் மெதுவாக ஆடும் அதிர்வுதான் கட்டடத்தைத் தன்னோடு சேர்த்து ஆட்டுகிறது. இது சுரங்கங்களுக்கு எழுதப்பட்டது என்றாலும் கட்டுமான வேலைகளிலும் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அடுத்தது உரிமம். வெடிபொருள் வாங்க, வைத்திருக்க, கொண்டுபோக, வெடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இருக்கின்றன. நாக்பூரில் தலைமையகம் கொண்ட மத்தியத் துறை ஒன்றும் மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் இதில் வந்து சேரும். ரப்பர் பாய், மணல் மூட்டை போட்டு மூடி, சிறு சிறு அளவில் நேர இடைவெளிவிட்டு வெடிக்கும் கட்டுப்படுத்தப்பட்ட முறை இருக்கிறது. ஆனால் பத்தடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர் என்றால் அதற்கும் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

சரி, அப்படியானால் வேறு எப்படி உடைப்பது? பல முறைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பாறையின் ஒரே ஒரு பலவீனத்தைத்தான் குறிவைக்கின்றன. நல்ல கருங்கல்லை நசுக்க வேண்டுமானால் சதுர சென்டிமீட்டருக்கு 1500 முதல் 2000 கிலோ வரை அழுத்தம் தேவை. அதே கல்லை இழுத்துப் பிய்க்க அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். கான்கிரீட்டும் இப்படித்தான். எம்25 தரக் கான்கிரீட் நசுங்க 250 கிலோ கேட்கும், இழுத்தால் முப்பது நாற்பது கிலோவுக்குள் கீறல் விட்டுவிடும். அதனால்தான் அதற்குள் கம்பியே வைக்கிறோம். ஆக, பாறையை மேலிருந்து அடிப்பது அதன் பலத்தோடு மோதும் வேலை. அதற்குள்ளே ஒரு துளை போட்டு, அங்கிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளினால் துளையைச் சுற்றியுள்ள கல் இழுபடுகிறது. வரிசையாகப் பல துளைகளில் ஒரே நேரத்தில் தள்ளினால் கீறல் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஓடி, கோடு போட்டதுபோல் பிளக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது நவீனப் பொறியியல் இல்லை. மாமல்லபுரத்துப் பாறைகளைச் சுற்றிவந்தால், சில பாறைகளின் மேல் சின்னச் சின்னப் பள்ளங்கள் வரிசையாக வெட்டப்பட்டு, பாதி வேலையில் விடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அவை ஆப்பு இறக்குவதற்கான குழிகள். நம் ஊர்க் கல்தச்சர்களும் கல் உடைப்போரும் இன்றைக்கும் இதே வேலையை உளி, சம்மட்டி, இரும்பு ஆப்பு வைத்துச் செய்கிறார்கள். வரிசையில் உள்ள ஆப்புகளை ஒவ்வொன்றாக, ஒரே அளவு பலத்தில் தட்டிக்கொண்டே போவார்கள். கொஞ்ச நேரம் கணீர் கணீர் என்று கேட்கும் சத்தம் மெல்ல மாறும், பிறகு சட்டென்று மந்தமாகும். உள்ளே கல் விட்டுவிட்டது என்று அர்த்தம். அனுபவசாலி அங்கே நிறுத்திவிடுவார். அதற்குமேல் அடித்தால் பிளவு தான் நினைத்த திசையில் போகாது என்பது அவருக்குத் தெரியும். கல் எந்த வாட்டத்தில் பிளக்கும் என்று பார்த்துத் துளைக் கோட்டை வைப்பதிலும் அதே அனுபவம்தான் பேசுகிறது. நெருப்பு மூட்டிச் சூடேற்றிப் பாறையைப் பலகை பலகையாக உரித்தெடுக்கும் முறை தென்னிந்தியாவில் இருந்ததும் 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது. அது ஊருக்கு நடுவே ஆகிற காரியம் இல்லை.

இரும்பு ஆப்பின் நேர் வாரிசு ஹைட்ராலிக் ஸ்ப்ளிட்டர். துளைக்குள் இரண்டு பக்கமும் இரண்டு எஃகுத் தகடுகள், நடுவில் ஓர் ஆப்பு. எண்ணெய் அழுத்தம் ஆப்பை உள்ளே தள்ள, தகடுகள் விலகிப் பாறையைப் பிளக்கின்றன. நூற்றுக்கணக்கான டன் விசை, சில நொடிகளில் வேலை முடிந்தது. அதிர்வு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. 1960களில் இதை உருவாக்கியவர் ஜெர்மனியின் ஹெல்முட் டார்டா. பின்னுக்கு இழுத்துவிட்டால் முன்னால் பாயும் டார்டா பொம்மைக் காரும் இதே ஆளின் வேலைதான். பாறை பிளக்கும் கருவியும் பொம்மைக் காரும் ஒரே மண்டையிலிருந்து வந்தது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நம்மூரில் இப்போது அதிகம் பேசப்படுவது வேறொன்று: பவுடர். கிராக்கிங் பவுடர், கெமிக்கல், சத்தமில்லா வெடி என்று ஆளுக்கொரு பெயர். ஜப்பானில் ஓனோடா சிமெண்ட் நிறுவனம் பிரிஸ்டார் என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது. இன்று பல நாடுகளில் பல பெயர்களில் தயாராகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான், சுட்ட சுண்ணாம்பு.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறுவதைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். கால்சியம் ஆக்சைடு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரைக் குடித்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகிறது. முக்கியமானது எடை இல்லை, இடம். சுட்ட சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்த 17 கன சென்டிமீட்டர், நீறியதும் 33 ஆகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. திறந்த தொட்டியில் அது பொங்கிவிட்டுப் போகும். 38 மில்லிமீட்டர் துளைக்குள் அடைபட்டால் எங்கே போகும்? சுவரைத் தள்ளுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் அழுத்தம் ஏறும். நசுக்க அது போதாது, ஆனால் இழுத்துப் பிய்க்கத் தாராளம்.

அப்படியென்றால் காளவாய்ச் சுண்ணாம்பையே வாங்கித் துளையில் ஊற்றலாமே என்று தோன்றும். அது நிமிடங்களில் நீறிவிடும், துளைக்குள் இறுகிப் பிடிப்பதற்கு முன்பே வேகம் முடிந்துபோகும், அல்லது வெளியே துப்பிவிடும். பவுடருக்கான சுண்ணாம்பை மிக அதிக வெப்பத்தில் நெடுநேரம் சுட்டு, தண்ணீரோடு சேருவதைத் தாமதப்படுத்துகிறார்கள். வேறு சில சேர்மானங்களும் உண்டு. அதனால் கலவை முதலில் துளையில் இறுகுகிறது, பிறகு மணிக்கணக்கில் விரிகிறது. தொழில்நுட்பம் முழுக்க இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இப்படி இருக்கும். கம்ப்ரசரில் ஜாக் ஹாம்மர் மாட்டி, ஏறத்தாழ ஒன்றரை அங்குலத் துளைகளை ஒரு அடி, ஒன்றேகால் அடி இடைவெளியில் போடுகிறார்கள். காற்றடித்து உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுக்கிறார்கள். ஐந்து கிலோ பைக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர். மேலே சொன்ன 56க்கு 18 என்ற கணக்கோடு இது கிட்டத்தட்ட ஒத்துப்போவதைக் கவனியுங்கள். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். கட்டியில்லாமல் கலக்கி, ஐந்து பத்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் ஊற்றிவிட வேண்டும். ஒரு மீட்டர் ஆழத் துளைக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் கலவை பிடிக்கும், அதாவது ஏறத்தாழ இரண்டு கிலோ பவுடர். ஊற்றிய பிறகு மேலே தார்ப்பாய் மூடிவிட்டு ஆட்கள் விலகிவிடுவார்கள். அன்றைக்கு வேறு எதுவும் நடக்காது. மறுநாள் காலையில் துளைக்குத் துளை மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் மதியத்துக்குள் விரல் நுழையும் அளவுக்கு விரியும். துளையின் வாயில் வெள்ளைத் தூள் உப்பிக்கொண்டு நிற்கும்.

இதில் தப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது வெப்பம். நீறும்போது வெளியாகும் சூடு தணிய வழியில்லாவிட்டால் வினை இன்னும் வேகமாகும், வேகமானால் சூடு இன்னும் ஏறும். ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் நீராவியாகி, கலவையைத் துப்பாக்கிபோல் மேலே சுட்டுத் தள்ளும். பிஎச் அளவு பன்னிரண்டுக்கு மேல் இருக்கும், கடும் காரத்தன்மை கொண்ட கொதிக்கும் சுண்ணாம்பு அது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால்தான் ஊற்றிய துளைக்குள் மணிக்கணக்கில் யாரும் குனிந்து பார்க்கவே கூடாது என்ற விதி. பாறையின் வெப்பநிலைக்கு ஏற்ப வெவ்வேறு ரகப் பவுடர்கள் வருகின்றன. குளிர்பிரதேசத்துக்கான வேகமான ரகத்தைச் சித்திரை வெயிலில் காய்ந்த கருங்கல்லில் ஊற்றினால் நிச்சயம் துப்பும். துளை அகலம் கூடினாலும் சூடு தேங்கும், ஆகவே இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம் வெயிலில் சாயங்காலம் ஊற்றுவதுதான் புத்திசாலித்தனம். தண்ணீரும் குளிர்ந்ததாக இருக்க வேண்டும், மதிய வெயிலில் சூடேறிய கறுப்பு டேங்க் தண்ணீர் ஆகாது. கண்ணாடி, கையுறை இல்லாமல் லுங்கியும் செருப்புமாக ஆட்கள் இதைக் கலக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது, திறந்த முகம். பாறை விரிய வேண்டும் என்றால் நகர ஒரு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மேல்பரப்பு மட்டும் திறந்திருக்கும் தட்டையான பாறையில் நேர்க்குத்தாகத் துளையிட்டு ஊற்றினால் அழுத்தத்துக்குப் போக்கிடமில்லை. கீறல் விட்டாலும் துண்டு அசையாது. ஆகவே முதலில் நடுவில் ஒரு குழியைச் சாய்வுத் துளைகளாலோ அடுத்தடுத்து உருளை உருளையாகக் குடைந்தெடுத்தோ திறந்துகொண்டு, பிறகு அதை நோக்கி வரிசை வரிசையாக உடைக்க வேண்டும். அனுபவமில்லாத ஒப்பந்ததாரர்கள் பவுடர் வேலை செய்யவில்லை என்று சொல்வது பெரும்பாலும் இங்கேதான்.

திறந்த முகமும் இல்லை, நேரமும் இல்லை என்றால் இந்த முறைகள் கைவிட்டுவிடும். 2019 அக்டோபர் 25 மாலை மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது, பக்கத்தில் இணையாகக் குழி போடும் வேலை கடும்பாறையில் மாட்டிக்கொண்டு இழுத்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஏன் வெடி வைக்கவில்லை, ஏன் ரசாயனம் ஊற்றவில்லை என்று அப்போது பலரும் கேட்டார்கள். வெடி வைத்தால் அந்த அதிர்வு பக்கத்திலேயே இருக்கும் குழாய்க் கிணற்றைச் சரித்துவிடும். ரசாயனமோ ஒரு அடுக்குக்கு அரை நாள், ஒரு நாள் கேட்கும், அதுவும் ஒரு மீட்டர் அகலக் குழியின் அடியில், நாலு பக்கமும் பாறை இறுக்கிப் பிடித்திருக்கும்போது. துளைத்துக் குடைந்துகொண்டே போவதைத் தவிர வேறு வழி அங்கே இல்லை.

சத்தமில்லா வெடி என்ற பெயர் பாதிதான் உண்மை. பிளப்பது சத்தமில்லாமல் நடக்கும், துளை போடுவது அப்படி நடக்காது. நூறு துளை போட ஜாக் ஹாம்மர் நாள் முழுக்க ஓட வேண்டும். காதைப் பிளக்கும் சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து தூசி. கருங்கல் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. அதனால் வரும் சிலிகோசிஸுக்கு மருந்து இல்லை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி பெருமளவு அடங்கும். கட்டட வேலைகளில் இந்த எளிய காரியம்தான் அதிகம் விடுபடுகிறது.

அப்புறம் பிரேக்கர். ஹிட்டாச்சி வண்டியின் கையில் மாட்டிய ராட்சத உளி. வெடி வேண்டாம் என்றதும் பெரும்பாலான தளங்களில் முதலில் வந்து நிற்பது இதுதான். கீறலும் அடுக்குகளும் உள்ள பாறையில் நன்றாக வேலை செய்யும். முழுப் பாறையில் மேலிருந்து அடித்து நசுக்கப் பார்க்கும், அதாவது கல்லின் பலத்தோடு மோதும். வாரக்கணக்கில் டடடடவென்று அடித்தும் சில அடிகூட இறங்காத இடங்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பகலெல்லாம் ஓடும் அந்த அதிர்வு பெரிய தொந்தரவு. என் கணக்கில், நகரத்துக்குள் பிரேக்கரை மட்டும் நம்புவது மலிவாகத் தெரிந்து கடைசியில் செலவு வைக்கும் முடிவு. முதலில் பவுடரோ ஸ்ப்ளிட்டரோ வைத்துக் கீறல் விட்டுவிட்டு, பிறகு பிரேக்கரால் பெயர்த்தால் நேரமும் டீசலும் மிஞ்சும்.

கான்கிரீட்டுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. கம்பியில்லாத பெரிய அடித்தளக் கட்டைகளைப் பவுடர் அழகாகப் பிளக்கும். கம்பி நெருக்கமாக உள்ள தூணையோ உத்தரத்தையோ அது கீறலாம், ஆனால் துண்டுகளைக் கம்பி விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். துளைகளை நெருக்கிப் போட்டு, கான்கிரீட்டை உதிர்த்து, கம்பியைத் தனியாக அறுக்க வேண்டும். பாலம், மெட்ரோ நிலையம், ஓடிக்கொண்டிருக்கும் ஆலை போன்ற இடங்களில் வைர வயர் சா வந்துவிட்டது. எஃகுக் கயிற்றில் வைரத்தூள் பதித்த மணிகளைக் கோத்துச் சுற்றிவிட்டால், கான்கிரீட்டையும் கம்பியையும் ஒரே ஓட்டத்தில் அறுத்துக்கொண்டு போகும். கிருஷ்ணகிரி, மதுரைப் பக்கக் கிரானைட் குவாரிகளில் பெரிய பாளங்களை அறுப்பதும் இதே கயிறுதான்.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் உள்ள மாக்டாகுவாக் அணை இதற்கு நல்ல உதாரணம். அந்தக் கான்கிரீட்டில் போட்ட ஜல்லிக்கும் சிமெண்டின் காரத்துக்கும் வினை நடந்து, கான்கிரீட் பல பத்தாண்டுகளாக மெல்ல உப்பிக்கொண்டே வருகிறது. பவுடர் ஒரே இரவில் செய்யும் வேலையை அணை தானாகவே, கேட்காமலேயே செய்துகொள்கிறது. நீர்மின் நிலையத்தின் இயந்திரங்களை அந்த வீக்கம் நெரிக்காமலிருக்க, 1980களிலிருந்து வைரக் கயிற்றால் மெல்லிய பிளவுகளை அறுத்துவிடுகிறார்கள். கான்கிரீட் வளர்ந்து அந்த இடைவெளி மூட மூட, மறுபடி அறுக்கிறார்கள். உயிரோடு இருக்கும் அணையில் வெடியைப் பற்றி யோசிக்கக்கூட முடியாது.

பாலத்தின் மேல்தளத்தில் கெட்டுப்போன கான்கிரீட்டை மட்டும் உரித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றால், ஆயிரம் பாருக்கு மேல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அரித்தெடுக்கிறார்கள். கம்பிக்குச் சேதமில்லை, மீதியிருக்கும் கான்கிரீட்டில் நுண்கீறலும் விழாது. அழுக்குத் தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் தலைவலி.

இதையெல்லாம் படித்துவிட்டு வெடிதான் எல்லா இடத்திலும் வில்லன் என்று நினைத்துவிட வேண்டாம். மவுலிவாக்கத்தில் 2014இல் பக்கத்துக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகு, மிஞ்சிய 11 மாடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத்தான் இறக்கினார்கள். நம்ப முடியாத கட்டடத்துக்குள் ஆட்களை மாதக்கணக்கில் அனுப்பித் துளைத்து அறுப்பதைவிட, சுற்றுவட்டாரத்தைக் காலி செய்துவிட்டுச் சில நொடிகளில் முடிப்பது அங்கே பாதுகாப்பான வழி. அதேபோல, வெடியே இல்லை என்று சொல்லி விற்கப்படும் சில முறைகளைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். எஃகுக் குழாயில் திரவக் கார்பன் டை ஆக்சைடை அடைத்துச் சட்டென்று சூடேற்றி உடைக்கும் முறை ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் புழங்கியது, இப்போது பாறைக்கும் வருகிறது. தீப்பற்றாது, சரி. ஆனால் வாயு திடீரென்று விரியும்போது கல்லும் பறக்கும், சில நேரம் குழாயே பறக்கும். அதற்கும் மூடுபாயும் பாதுகாப்புத் தூரமும் வேண்டும்.

நகரத்துக்குள் பாறை எடுக்க ஒப்பந்தம் போடுகிறவர்கள் முறையைவிடக் கணக்கில்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள். வேலை தொடங்கும் முன்பே பக்கத்து வீடுகளின் பழைய கீறல்களைத் தேதியோடு படமெடுத்து, பெரிய கீறல்களின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பது பழைய வழக்கம். கீறல் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால், உங்கள் வேலையால்தான் சுவர் வெடித்தது என்ற புகாருக்கு அதுவே பதில். பாறையை அளப்பதிலும் இதேபோல ஒரு வில்லங்கம் இருக்கிறது. உடைந்த கல் குவியலாகும்போது இடையில் காற்று புகுந்து, கிடந்த இடத்தில் இருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். லாரிக் கணக்கில் பணம் பேசினால் உரிமையாளருக்கு நஷ்டம். பள்ளத்தின் கன அளவுக்குப் பேசினால், மண்ணை வழித்ததும் பாறையின் மேல்மட்டத்தைக் கருவி வைத்து அளந்து இருதரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். முதல் துளை விழுந்த பிறகு அந்த மட்டத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.